பக்கத்து நாட்டு ஜனநாயகத்துக்கு ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போடுது. நம்ம தென்கிழக்காசிய நாடுகளோட கூட்டமைப்பு ஆசியானுக்கு அப்படி ஒன்னு இருக்கா?

பிறைக்காரன்:

வணக்கம். மலேசியாவில், பிறை ஊரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடரா இருக்கேன், பதினாலு வருஷமா. அரசியல் நமக்கு வராது. கேள்வி அசட்டுத்தனமா இருந்தா பொறுத்துக்குங்க.

என் லைனில் ஒரு மியன்மார் பையன். மௌலமைனில் பிறந்த தமிழன், பாட்டன் காலத்தில் வயல் வேலைக்குப் போன குடும்பம். அவன் தமிழைக் கேட்டா செத்துப்போன எங்க ஆத்தா எழுந்து வந்து பேசுற மாதிரி இருக்கும். நாம 'தாப்பாவ்' பண்றோம், அவன் 'கட்டுச்சோறு' கட்டுவான்.

போன வாரம் நைட் ஷிப்ட். மூணு மணி பிரேக்கில் மைலோ கப்போட உட்கார்ந்திருந்தோம். போனைத் திருப்பிக் காட்டினான். ஐரோப்பிய நாடாளுமன்றம் மனித உரிமைக்காகக் கொடுக்கிற சகாரோவ் விருதை, 2025-க்கானதை, பெலாரஸிலும் ஜார்ஜியாவிலும் சிறையில் அடைச்ச ரெண்டு பத்திரிகைக்காரங்களுக்குக் கொடுத்த செய்தி. "1990-ல் எங்க தலைவி ஆங் சான் சூச்சி அம்மாவுக்கும் இதைத்தான் கொடுத்தாங்க அண்ணே. அவங்க பக்கத்து வீட்டுக்காரனுக்காகச் சத்தம் போடுறாங்க. எங்களுக்குப் பக்கத்து வீடு நீங்கதானே? ஆசியான் பார்லிமெண்ட் என்ன சொல்லுச்சு?"

நான் மைலோவைக் குடிச்சேன். வேற என்ன செய்ய?

அவனோட தம்பிக்கு 24 வயசு. 2024 பிப்ரவரியில் ராணுவம் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டத்தைக் கையில் எடுத்துச்சே, ஆண்கள்னா 18-லேர்ந்து 35 வரைக்கும், அதுக்குப் பயந்து எல்லை தாண்டி தாய்லாந்தில் மே சோட்டில் இருக்கான். அதனால இது அவனுக்குச் செய்தி இல்லை, வீட்டு விஷயம்.

இப்படி ஐரோப்பிய நாடாளுமன்றம் போடுற தீர்மானமெல்லாம் வெறும் காகிதமா, இல்ல ஏதாவது ஆகுமா? 2025 செப்டம்பரில் கோலாலம்பூரில் ஏதோ ஆசியான் நாடாளுமன்றக் கூட்டம் நடந்துச்சே, அது என்ன?

செந்தூல் தாத்தா:

தம்பி, அசட்டுக் கேள்வி இல்லை. நான் முப்பது வருடம் தமிழ்ப் பத்திரிகையில் பிழை திருத்தினவன், இந்தக் குழப்பத்தைச் செய்தியிலேயே பலமுறை திருத்தியிருக்கிறேன்.

கோலாலம்பூரில் கூடியது ஆசியான் நாடாளுமன்றங்களுக்கு இடையிலான பேரவை. சுருக்கமாக ஐபா. 1977-ல் தொடங்கியது, செயலகம் ஜகார்த்தாவில். பேரவை என்றாலும் அது நாடாளுமன்றம் இல்லை. நீயும் நானும் அதற்கு ஓட்டுப் போட்டதில்லை. ஒவ்வொரு நாட்டு நாடாளுமன்றமும் தன் ஆட்களை அனுப்பும். முடிவு எல்லாம் ஒருமித்த கருத்தில்தான். பந்தியில் ஒரு பங்காளி முகம் சுளித்தால் அந்தக் கறியே இலையில் விழாது, அந்த மாதிரி. எந்த நாடும் சுளிக்காத கறி எது? சுற்றுலா, மின்னிலக்கப் பொருளாதாரம், பசுமை வளர்ச்சி.

ஐரோப்பாவில் 1979 முதல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இப்போது 720 பேர். ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடும்போது, உலகத்தில் எங்கேயோ நடக்கும் உரிமை மீறலுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கி, ஓர் அமர்வுக்கு மூன்று விஷயம் வரை எடுத்து ஓட்டுக்கு விடுகிறார்கள். பெரும்பான்மை இருந்தால் போதும், சுளிக்கிறவன் சுளித்துக்கொண்டே இருக்கலாம்.

காகிதமா என்றால், சட்டப்படி காகிதம்தான். 2024 நவம்பர் 28 அன்று ஜார்ஜியாவின் தேர்தலை மறுபடி நடத்தச் சொல்லி 444 ஓட்டில் தீர்மானம் போட்டார்கள். அன்றைக்கே ஜார்ஜியப் பிரதமர், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சே 2028 முடியும்வரை வேண்டாம் என்று அறிவித்துவிட்டார். அன்று ராத்திரி திபிலிசியில் ஜனம் ரோட்டில் இறங்கியது. அதில் தீர்மானத்தின் பங்கு எவ்வளவு, பிரதமர் பேச்சின் பங்கு எவ்வளவு என்று நான் எடை போட மாட்டேன்.

சூச்சி கதைக்குப் பின்பாதி உண்டு, உன் நண்பனிடம் பக்குவமாகச் சொல். விருதை அவர் நேரில் போய் வாங்கியது 2013-ல். 2020 செப்டம்பரில், ரோஹிங்கியா விவகாரத்துக்காக, விருதாளர் வட்டத்தின் நிகழ்ச்சிகளில் இருந்து அதே நாடாளுமன்றம் அவரை விலக்கி வைத்தது. தாங்கள் மாலை போட்ட ஆளையே கேள்வி கேட்டார்கள். அது எனக்குப் பிடித்தது.

இன்னொன்று. 2021 பிப்ரவரி 1, ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாள். 2020 தேர்தலில் ஜெயித்தவர்கள் தலைநகர் நேப்பிடோவில் முதல் நாடாளுமன்றக் கூட்டத்துக்கு உட்கார இருந்த காலையும் அதுதான். அவர்கள் கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரை, பாட்டுப் பாடிப் பிரபலமான பியோ சேயா தாவை, 2022 ஜூலையில் தூக்கிலிட்டார்கள். அந்த ஆண்டு ஆசியான் தலைவராக இருந்த கம்போடியப் பிரதமர் ஹுன் சென் வேண்டாம் என்று கடிதம் எழுதியிருந்தார். எழுதியும்தான்.

நிபோங் திபால் குலைவெட்டி மகன்:

தாத்தா சொன்னது சரி, ஆனா ஐரோப்பாவை ரொம்ப உச்சியில வைக்காதீங்க லா.

அந்த நாடாளுமன்றத்தை எனக்குத் தெரிஞ்சதே செம்பனையாலதான். 2017 ஏப்ரல் 4, 640 ஓட்டு. பயோடீசல்ல பாமாயிலை நிறுத்தணும்னு தீர்மானம். காடு அழியுதாம், தோட்டத்துல கட்டாய வேலையாம். கட்டாய வேலை, பிள்ளைங்க வேலை, எல்லாம் இருக்கு, நான் மறுக்கல. எங்கப்பா பத்தொன்பது வருஷம் குலை வெட்டினாரு, தோள்பட்டை இப்பவும் தூங்க விடாது. ஆனா அந்த 640 பேர்ல யாரும் எங்கப்பாவைக் கேட்டு எழுதினதா எனக்குத் தெரியல. எண்ணெய் விலை ஆடினா கம்பெனிக்காரன் ஆடமாட்டான், குலைவெட்டிதான் ஆடுவான்.

சரி, அவங்க பக்கத்து வீட்டு விஷயத்துக்கே வருவோம். 2022 ஜூலையில ஐரோப்பிய ஆணையத் தலைவி அஸர்பைஜான் தலைநகர் பாக்குவுக்குப் போயி, அந்த நாட்டு கேஸை ரெண்டு மடங்கா வாங்குறோம்னு கையெழுத்துப் போட்டாங்க. அடுத்த வருஷம் செப்டம்பர்ல அஸர்பைஜான் ராணுவம் புகுந்து, நாகோர்னோ கராபாக்கை விட்டு லட்சம் ஆர்மீனியர்கள் ஓடினாங்க. நாடாளுமன்றம் அக்டோபர்ல சூடா ஒரு தீர்மானம் போட்டுச்சு, தடை விதிக்கணும்னு. கேஸ் பைப்பை யாரும் மூடல.

2022 டிசம்பர்ல அந்த நாடாளுமன்றத்தோட துணைத் தலைவி ஒருத்தரையே லஞ்சப் புகார்ல பெல்ஜியம் போலீஸ் பிடிச்சுது. சோதனையில கட்டுக்கட்டா யூரோ நோட்டு. அவங்க மறுக்குறாங்க, அது கோர்ட்டு விஷயம். ஆனா நமக்கு மனித உரிமைப் பாடம் எடுக்கும்போது இதையும் ஞாபகம் வச்சுக்கணும்ல?

பிரிக்பீல்ட்ஸ்காரி:

குலைவெட்டி மகன் அண்ணா, கோபம் நியாயம். ஆனால் தீர்மானத்துக்குப் பின்னால் என்ன கட்டியிருக்கிறது என்று பார்க்காமல் காகிதம் என்று தள்ள முடியாது. நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் அம்மம்மா யாழ்ப்பாணம், அதனால் இந்த ஒன்றை மட்டும் வரிக்கு வரி படித்திருக்கிறேன்.

2021 ஜூன் 10. இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு எதிரான தீர்மானம். ஆதரவு 628, எதிர்ப்பு 15. அந்தச் சட்டம் 1979-ல் வந்தது, எத்தனை தமிழ்ப் பிள்ளைகளை விழுங்கியது என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தேன். அந்தத் தீர்மானம் வெறுமனே 'வருந்துகிறோம்' என்று முடியவில்லை. ஜிஎஸ்பி பிளஸ் என்ற வரிச் சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி யோசியுங்கள் என்றது. இலங்கை ஆடைகள் ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் போவது அந்தச் சலுகையில்தான். ஏற்கெனவே 2010-ல் பறிபோய் 2017-ல்தான் திரும்பக் கிடைத்தது, வலி தெரிந்தவர்கள். 2022 மார்ச்சில் சட்டத்தைத் திருத்தினார்கள். விசாரணையில்லாத் தடுப்புக்காவலின் உச்சவரம்பு 18 மாதத்திலிருந்து 12 மாதமானது. அம்மம்மாவிடம் சொன்னேன். "பன்னிரண்டு மாசம் கொஞ்சமோ பிள்ளை?" என்றார். ஆறு மாதத்தைப் பிடுங்கியது அந்தக் காகிதம்தான் என்று நான் நினைக்கிறேன், நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

எப்போதும் இப்படி நடக்காது. கம்போடியாவில் 2017-ல் எதிர்க்கட்சித் தலைவரைக் கைது செய்து கட்சியையும் கலைத்தார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் கத்தியது, 2020 ஆகஸ்டில் ஐந்தில் ஒரு பங்கு சலுகை போனது. கட்சி திரும்பி வரவில்லை. வியட்நாமில் இதைவிட மோசம். வர்த்தக ஒப்பந்தத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வேண்டுகோள் விடுத்த பத்திரிகையாளர் ஒருவரை 2019 நவம்பரில் கைது செய்தார்கள். 2020 பிப்ரவரியில் அதே நாடாளுமன்றம் 401 ஓட்டில் ஒப்பந்தத்துக்கு இசைவு கொடுத்தது. அவருக்குப் பதினைந்து வருடச் சிறை. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறைக்காரன் அண்ணா, அவர்கள் நம்மைப் பற்றியும் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், 2015 டிசம்பர் 17-ல். தேச நிந்தனைச் சட்டத்தை நீக்குங்கள் என்றார்கள், அன்வார் சிறையில் இருப்பதைக் கண்டித்தார்கள். அவர் இன்று பிரதமர். சட்டம் இன்னும் இருக்கிறது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று பன்னிரண்டு பேரை சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்களே, மறு ஆண்டு பிப்ரவரியில் வழக்கைக் கைவிட்டார்கள், அது வேறு சட்டம், அதுவும் இருக்கிறது. ஐரோப்பாவுடன் வர்த்தகப் பேச்சு 2025 ஜனவரியில் மறுபடி ஆரம்பமானது. கையெழுத்தானால் அந்த 720 பேர் சம்மதிக்க வேண்டும். அப்போது இதெல்லாம் மேசைக்கு வரும்.

மியன்மாருக்காக இங்கே பேசுகிறவர்கள் இல்லாமல் இல்லை. 2013-ல் தொடங்கிய மனித உரிமைக்கான ஆசியான் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழுவில் கிள்ளான் தொகுதியில் இருந்த சார்ல்ஸ் சந்தியாகோ தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஆனால் அது சொந்த விருப்பத்தில் சேர்ந்தவர்களின் குழு. அவர்கள் அறிக்கை எந்த அரசின் கையையும் கட்டாது.

பிறைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி அதே மூணு மணிக்கு அவன்கிட்ட சொன்னேன். சூச்சி விஷயத்துக்கு ஒன்னும் பேசல, கொஞ்ச நேரம் கப்பையே பார்த்துட்டு இருந்தான். ஐபான்னா ஓட்டே கிடையாதுன்னு சொன்னதும் சிரிச்சுட்டான்.

அப்புறம் கேட்டான், "அது போகட்டும் அண்ணே, உங்க சொந்தப் பார்லிமெண்ட்ல எத்தனை பேரு?" 222ன்னேன். "அதுல உங்க ஏரியா ஆளு ஒருத்தர் இருப்பார்ல, அவர்கிட்ட கேட்டிங்களா?"

கேட்டதில்லை. கால்வாய் அடைப்புக்கு ஒரு தடவை போயிருக்கேன், அவ்வளவுதான்.

செந்தூல் தாத்தா, மலாயில் ஒரு பக்கம் கடிதம் எழுதணும். தம்பி கதையையும் அகதிகளையும் பத்தி மக்களவையில் ஒரு கேள்வி கேளுங்கன்னு. என் மலாய் கம்பெனி மெமோ மலாய். பார்த்துத் தர்றீங்களா?

செந்தூல் தாத்தா:

அனுப்பு. பையன் பெயர், கம்பெனி பெயர், மே சோட் எதுவும் போடாதே. முதல் பத்தியில் ஒய்பி, யாங் பெர்ஹோர்மாட் என்று மரியாதை அடைமொழியை அரைப் பக்கம் நீட்டினால் அடித்துவிடுவேன்.