ஷூஸ் குழுவின் 'பிளாக் வினைல் ஷூஸ்' (1977): கேட்டவர்கள், தட்டு வாங்கியவர்கள் அனுபவப் பகிர்வு

சுழல்தட்டு

பவர் பாப் (இனிய மெட்டும் கிட்டார் வேகமும் சேர்ந்த ராக் வகை) பேச்சு வந்தால் பிக் ஸ்டார், சீப் ட்ரிக், தி நாக் குழுக்கள் என்று ஓடிவிட்டு, ஷூஸ் வரும்போது "அவங்களும் இருந்தாங்க" என்று முடித்துவிடுகிறோம். அதற்காகத்தான் இந்த இழை. சொந்தக் கதை வேண்டாம். எந்தப் பதிப்பு, எப்படிக் கேட்பது, எங்கே ஏமாறுவோம் என்று தெரிந்ததை எழுதுங்கள்.

தெரியாதவர்களுக்கு: ஊர் இல்லினாய் மாநிலத்து ஸயன், சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் நடுவே மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது. ஜான் மர்ஃபி பேஸ், அவர் சகோதரர் ஜெஃப் மர்ஃபியும் கேரி க்ளீபியும் கிட்டார், ஸ்கிப் மேயர் டிரம்ஸ். முதல் மூவரும் தனித்தனியாகப் பாட்டு எழுதி, அவரவர் எழுதியதை அவரவரே பாடுவார்கள். முன்னால் நிற்க ஒரு முகம் இல்லை. இவர்கள் பெயர் பரவாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். ஜெஃப் வீட்டு வரவேற்பறையில் டியாக் நாலு ட்ராக் (ஒலித்தடம்) டேப் மெஷினில் இந்த ஆல்பத்தின் 15 பாட்டைப் பதிந்து, சொந்த லேபிளில் (தட்டு வெளியிடும் நிறுவனம்) 1000 தட்டு அடித்தார்கள். 1978-ல் பிவிசி நிறுவனம் அதையே மறுபடி வெளியிட்டது.

நாலுதடம்

அந்த மெஷின் டியாக் ஏ-3340எஸ். அதைப் புரிந்துகொண்டால் ஆல்பத்தின் பாதி புரிந்துவிடும். கால் அங்குல டேப்பில் நாலு ட்ராக், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம். பத்தரை அங்குல ரீலில் 2500 அடி டேப் போட்டு நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓட்டினால் 33 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மெஷினுக்குள்ளேயே இரைச்சல் குறைக்கும் வசதி கிடையாது.

நாலு ட்ராக்கில் டிரம்ஸ், பேஸ், ரெண்டு கிட்டார், ரெண்டு மூன்று குரல் எல்லாம் வேண்டுமென்றால் பவுன்ஸ் செய்தாக வேண்டும். பதிந்த ட்ராக்குகளைக் கலந்து காலி ட்ராக்கில் ஏற்றி, பழையதை அழித்து, அந்த இடத்தில் புதிதாகப் பதிவது. இதில் மூன்று சிக்கல் வரும்.

மூன்று ட்ராக்கை ஒரே அளவில் கலந்து நான்காவதில் ஏற்றினால், மூன்றின் இரைச்சலும் புது ட்ராக்கின் இரைச்சலும் சேர்ந்து நான்கு மடங்காகிவிடும். அதாவது சுமார் 6 டெசிபல் ஏற்றம், ஒரே பவுன்ஸில். அடுத்தது, ஏற்கெனவே பதிந்ததோடு சேர்ந்து வாசிக்கும்போது மெஷின் பதிவு ஹெட்டையே (டேப்பைத் தொடும் காந்த முனை) கேட்கும் ஹெட்டாகவும் பயன்படுத்தும். தாளம் தப்பாமலிருக்க அது அவசியம். ஆனால் பதிவு ஹெட்டின் இடைவெளி அகலமானது, உச்சஸ்தாயி மங்கித்தான் வெளியே வரும். பவுன்ஸும் அதே வழியாகப் போவதால் சிம்பலும் ஸ்நேர் டிரம்மின் முன்னடியும் முதலில் அடி வாங்கும். மூன்றாவது, 3-லிருந்து பக்கத்து 4-க்கு ஏற்றினால் ஹெட்டுக்குள்ளேயே சிக்னல் கசிந்து கீச்சென்று ஊளையிடும். அதனால்தான் நாலு ட்ராக்காரர்கள் 1, 2-ஐ 4-ல் ஏற்றி 3-ஐக் காலியாக விடுவார்கள்.

இதை மனதில் வைத்து ஆல்பத்தைப் போடுங்கள். டிரம்ஸ் சின்னதாக, தடித்த துணிக்குப் பின்னால் இருப்பதுபோல் கேட்கும். குரல் மட்டும் காதோரம் வந்து நிற்கும். கடைசியாக ஏற்றும் ஓவர்டப்புக்கு (இருப்பதன் மேல் சேர்த்துப் பதிவது) ஒரு தலைமுறைச் சேதாரம்தான், அதாவது ஒரே முறை பதிந்த சேதாரம். பாடியதும் உரக்கப் பாடவில்லை, மைக்குக்குப் பக்கத்தில் மூச்சுக் கலந்த குரல். ராக் ஆல்பத்தில் டிரம்ஸ் பின்னால், கிசுகிசுப்பு முன்னால் என்பது தலைகீழ் அடுக்கு. அந்த அடுக்குதான் இந்த ஆல்பத்தை இன்றைக்கும் தனியாக நிறுத்துகிறது.

ஹெட்ஃபோன்_தம்பி

அண்ணே, எல்லாம் சரி. அமைதியான இடத்தில் உஸ்ஸென்று வருகிறதே, அதை சாஃப்ட்வேரில் எடுத்துவிடலாமா?

நாலுதடம்

கை வைக்காதே தம்பி. டேப் இரைச்சல் உறுத்துவது 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான். இவர்கள் குரலின் மூச்சும், ச, ஷ ஓசைகளும் அங்கேயேதான் இருக்கின்றன. சாஃப்ட்வேருக்கு ரெண்டையும் பிரிக்கத் தெரியாது. பாட்டு நின்ற இடம் சுத்தமாகும், பாடும் இடத்தில் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் குளறல் வரும். பொறுக்கவே முடியவில்லை என்றால் ஆம்ப்ளிஃபையரில் ட்ரெபிளை 2 டெசிபல் இறக்கு, அதற்கு மேல் வேண்டாம்.

பழைய_ஊசி

தட்டு வாங்குகிறவர்களுக்கு. முதலில் தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 1977 அச்சில் குழுவின் சொந்த லேபிள் பெயர், பிளாக் வினைல் ரெக்கார்ட்ஸ், இருக்கும். 1978 அச்சில் பிவிசி. விற்பவர் "ஒரிஜினல்" என்று மட்டும் எழுதியிருந்தால், லேபிளையும், ஓட்டம் (ஊசி ஓடும் பள்ளம்) முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்றுப் பகுதியில் கீறியிருக்கும் எழுத்துகளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். 1000 பிரதிதான் என்பதால் சொந்த லேபிள் அச்சுக்கு விலை எகிறும். கேட்பதற்கு மட்டும் என்றால் நல்ல நிலையிலுள்ள பிவிசி போதும்.

இந்த ஆல்பத்தில் ஒரு தனிப் பொறி உண்டு: ஃபஸ் கிட்டார், அதாவது வேண்டுமென்றே கரகரக்க வைத்த கிட்டார் ஒலி. தேய்ந்த தட்டின் கரகரப்பை அது மூடிவிடும், நல்ல தட்டையும் தேய்ந்ததாகக் காட்டும். பிரித்தறிய வழி இது. ஃபஸ் என்றால், தட்டின் பக்கத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே மாதிரி இருக்கும், கிட்டார் நின்றால் தானும் நின்றுவிடும். தேய்மானம் லேபிளை நெருங்க நெருங்கக் கூடும், குரல் உயரும் இடங்களில் ச ஓசையில் பிசிறடிக்கும், பெரும்பாலும் ஒரு சேனலில் அதிகமாக இருக்கும். ஆகவே ரெண்டு பக்கத்திலும் கடைசிப் பாட்டைப் போட்டுப் பார்க்காமல் தட்டின் நிலை பற்றி முடிவு செய்யாதீர்கள்.

சுத்தம் செய்ய: 750 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர், 250 மில்லி ஐசோப்ரோபைல் ஆல்கஹால், ஃபோட்டோ கழுவும் ஈரமூட்டித் திரவம் நாலைந்து சொட்டு. ஓட்டத்தின் திசையிலேயே தேய்த்து, வெறும் வடித்த தண்ணீரால் இன்னொரு முறை கழுவுங்கள். ரெண்டாவது கழுவலை விட்டால் காய்ந்த மிச்சம் ஊசி நுனியில் பஞ்சாக ஒட்டும். குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது, உப்பு ஓட்டத்துக்குள் தங்கிவிடும். இதே கலவையை 78 ஆர்பிஎம் ஷெல்லாக் தட்டில் ஊற்றிவிடாதீர்கள், ஆல்கஹால் ஷெல்லாக்கைக் கரைத்துவிடும்.

பி_பக்கம்

ஊசி பற்றி ஒரு சேர்க்கை. ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ காட்ரிட்ஜ் (ஊசி பொருந்தும் பாகம்) வைத்திருப்பவர்கள் ஊசி தட்டை அழுத்தும் எடையை 2 கிராமில் வையுங்கள். எடை குறைந்தால்தான் தட்டு தேயாது என்று 1.5-க்கு இறக்குகிறவர்கள் உண்டு. அப்போது ஊசி ஓட்டத்தில் உட்காராமல் துள்ளும், துள்ளும் ஊசிதான் சுவரைச் செதுக்கும். ச ஓசை அப்போதும் பிசிறினால் அதே காட்ரிட்ஜில் எம்எல் (மைக்ரோலைன்) ஊசியை மட்டும் மாற்றலாம், உடலை மாற்றத் தேவையில்லை. அதன் நுனி மெல்லியது, பழைய ஊசிகள் தேய்க்காத இடத்தில் போய் உட்கார வாய்ப்பு அதிகம்.

சிந்த்_சித்தப்பா

எனக்கு மாற்றுக் கருத்து. நாலு ட்ராக் பெருமை கொஞ்சம் ஓவர். 1979-ல் எலெக்ட்ரா நிறுவன ஒப்பந்தம் கிடைத்து, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரிலிருந்த மேனர் ஸ்டுடியோவில் மைக் ஸ்டோனோடு செய்த 'ப்ரெஸன்ட் டென்ஸ்' ஆல்பம்தான் சிறந்தது. குயின் குழுவின் ஆல்பங்களுக்கு இன்ஜினியராக இருந்தவர் அவர். டிரம்ஸ் டிரம்ஸாகக் கேட்கிறது, குரல் அடுக்குகள் தனித்தனியாகத் தெரிகின்றன. நியூ வேவ் பக்கமிருந்து வருகிறவர்கள் நுழைய அதுதான் வாசல். அதற்காக எடுத்த வீடியோக்கள் கையிலிருந்ததால்தான் 1981 ஆகஸ்ட் 1-ல் எம்டிவி இசைச் சேனல் தொடங்கிய முதல் நாளிலேயே இவர்கள் திரையில் வந்தார்கள். அன்றைக்கு வீடியோ வைத்திருந்த குழுக்களே குறைவு.

சுழல்தட்டு

டிரம்ஸ் விஷயத்தில் சித்தப்பா சொல்வது சரி. குரல் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேனரில் எல்லாம் ஒரே அளவு பளிச்சென்று வந்துவிட்டதால் குரலுக்கு இருந்த நெருக்கம் போய்விட்டது.

சந்தேகமிருந்தால் 'டுமாரோ நைட்' பாட்டை ரெண்டு முறை கேளுங்கள். 1978-ல் பாம்ப் லேபிளில் சிங்கிளாக வந்தது ஒன்று, 'ப்ரெஸன்ட் டென்ஸ்' ஆல்பத்துக்காகத் திரும்பப் பதிந்தது இன்னொன்று. சிங்கிளின் மறுபக்கத்திலுள்ள 'ஓகே'யையும் 'பிளாக் வினைல் ஷூஸ்' ஆல்பத்தில் இருப்பதோடு ஒப்பிடலாம். ஒலியளவைக் காதால் சமப்படுத்திக்கொண்டு கேளுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும், அதை வைத்து ஓட்டுப் போடாதீர்கள்.

ஹெட்ஃபோன்_தம்பி

1977-க்கு முந்தையது ஏதாவது உண்டா?

பழைய_ஊசி

உண்டு, 'அன் டான் வெர்சாய்' (1975). அடித்ததே 300 தட்டு. அந்தத் தட்டைத் தேடி அலைய வேண்டாம் தம்பி, முதலில் பிவிசி பிரதி ஒன்றைப் பிடி.