லினக்ஸ் குழுவில் உதவி கேட்டுப் போனீர்களா? நடந்ததைச் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை:
மறுநாள் வகுப்புத் தேர்வு. சாயங்காலம் வினாத்தாளைத் திறந்தால் தமிழே இல்லை. ‘அம்மா’ இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். கேரளத்தில் எங்கள் பக்கம் தமிழ் மீடியத்திலும் பள்ளி மடிக்கணினியில் கைட் குனு/லினக்ஸ்தான், விண்டோஸுக்குப் பதிலாகப் பள்ளிகளுக்கென்று அரசு தரும் இயங்குதளம். எழுத்துரு போய்விட்டது என்று நினைத்து மீரா இனிமை, லோகித் எல்லாம் போட்டுப் பார்த்தேன், அதே அரைப்புள்ளி. அப்புறம் முதல் வரியை மட்டும் போட்டோ எடுத்து (கேள்வி வெளியே போகக் கூடாதே) பாலக்காட்டில் எனக்குத் தெரிந்த ஒரு குழுவில், பாதி மலையாளம் பாதி தமிழில் கேட்டேன்.

முதல் பதில், “இது பலமுறை கேட்ட கேள்வி, பழையதைத் தேடிப் பாருங்கள்.” ஒன்பது மணிக்கு வேறொருவர் போன் செய்தார். தமிழ் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாதவர். அந்த அரைப்புள்ளியைப் பார்த்ததுமே சிரித்துவிட்டு, “சேச்சி, இது ஞங்ஙளுடெ கார்த்திகா ஃபோண்டின்டெ கத தன்னே” என்றார். அவர்களுக்கும் இதே பாடு இருந்திருக்கிறது, ஆங்கில எழுத்தின் இடத்தில் மலையாளத்தை உட்கார வைத்த பழைய ஃபாண்ட், அதை எந்தக் கணினியும் மலையாளமாகவே படிக்கும் யூனிகோடாக்கத்தான் பய்யன்ஸ் என்று ஒரு நிரலே செய்து வைத்திருக்கிறார்கள். என்னுடையது பாமினி, அதே மாதிரிப் பழைய தமிழ் ஃபாண்ட். டிடிபி கடைத் தம்பி அதில்தான் அடித்திருந்தான். ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் பாமினியை யூனிகோடாக்கும் வசதி இருக்கிறது என்று தேடிக் கொடுத்து, பத்தரை வரை கூடவே இருந்தார்.

ஒன்றே ஒன்று கேட்டார், இதைத் தமிழில் ஒரு குறிப்பாக எழுதிப் போட்டுவிடுங்கள் என்று. சரி என்றேன். மூன்று வருடம் ஆகிறது.

செங்கோட்டை:
அக்காவுக்கு நல்ல ஆள் அமைந்தார். என்னிடம் இருந்தது அரசு கொடுத்த இலவச மடிக்கணினி, விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்ததே, அது. படம் வைக்க இடம் போதவில்லை என்று லினக்ஸ் பகுதியை அழித்தேன். மடிக்கணினியை மறுபடி போட்டால் கறுப்புத் திரையில் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று மட்டும், விண்டோஸும் வரவில்லை. ஆரியங்காவு தாண்டி பஸ்ஸில் புனலூர் போனேன், அங்கே சிலர் கூடுவார்கள் என்று கேள்வி. கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்களைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டேன். கடைசியில் ஒருவர், “லினக்ஸை அழிச்சவனுக்கு நாம ஏன் உதவணும்?” என்றார், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பென்டிரைவ் போட்டு பத்து நிமிடத்தில் சரி செய்தும் கொடுத்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புதான் நிற்கிறது.

நகரி:
என் கதை ரெண்டு வரி. தறிக்கூடத்து பில் கணினியில் வைஃபை வேலை செய்ய டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். ஒருவர் “போனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் போடு, போன் இணையம் கணினிக்கு வரும்” என்றார், முடிந்தது.

செங்கோட்டைத் தம்பிக்கு ஒன்று. க்ரப் என்பது கணினியைப் போட்டதும் லினக்ஸையோ விண்டோஸையோ கிளப்பிவிடும் நிரல். அதன் முதல் துண்டு வட்டின் தொடக்கத்தில் இருக்கும், மீதி நீங்கள் அழித்த பகுதிக்குள் இருந்தது. தலை இருக்கிறது, உடம்பைத் தேடுகிறது, அதனால்தான் விண்டோஸுக்கும் வழி விடவில்லை. அழித்தது உங்கள் கை, அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பொதுவாகவும் சொல்கிறேன், கேட்கும்போது எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று முதலில் எழுதுங்கள். வன்பொருள் சிக்கல் என்றால் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (உள்ளே இருக்கும் வன்பொருளைப் பட்டியலிடும் கட்டளை) அடித்து வருவதை அப்படியே ஒட்டுங்கள். பிழைச் செய்தியைப் போட்டோ பிடிக்காதீர்கள், அதைத் தேடவும் முடியாது, நகலெடுக்கவும் முடியாது. கடைசியாக எதைத் தொட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள். சரியானதும் “சரியாகிவிட்டது” என்று ஒரு வரியாவது போடுங்கள், பாதிப் பேர் அதைக்கூடச் செய்வதில்லை.

செங்கோட்டை:
அண்ணே, யோசனை நான் கேட்கவே இல்லையே. சிரித்ததைத்தான் சொன்னேன்.

கொழிஞ்சாம்பாறை:
நானும் போட்டோதான் அனுப்பினேன். அந்த அரைப்புள்ளி தெரிந்ததே அதில்தான். குறிப்பு தலைப்போடு நிற்கிறது, ‘பாமினியில் வந்த வினாத்தாள்’ என்று.