குடியும் பைபோலாரும் சேர்ந்த மகன்: இரண்டையும் ஒரே இடத்தில் பார்ப்பவர்கள் யார்?

மகனுக்கு வயது 27. ஊர் திருநெல்வேலி பக்கம். 2019-இல் பைபோலார் (அதீத உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) என்று கண்டறிந்தார்கள். குடி அதற்கு முன்பே உண்டு, இப்போது தினமும். மாத்திரை: டைவால்புரோயெக்ஸ் 500 மி.கி. இரு வேளை, இரவில் ஒலான்சபின் 10 மி.கி. குடிக்கும் நாளில் இரண்டையும் விட்டுவிடுவான். மூன்று வாரமாகத் தூக்கம் இரண்டு மணி நேரம்தான். ஓயாத பேச்சு, கண்டபடி கடன், யாரோ பின்தொடர்வதாகச் சந்தேகம்.

போதை மறுவாழ்வு மையம், "மனநோய் இருந்தால் எடுக்க மாட்டோம்" என்றது. மனநல மருத்துவமனையோ, "குடியை நிறுத்திவிட்டுக் கூட்டி வாருங்கள்" என்கிறது. வீட்டிலேயே திடீரென நிறுத்த முடியாது. போன தடவை இரண்டாம் நாளே வலிப்பு வந்தது. டைசல்பிராமை (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை) அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. அது உள்ளே இருப்பது தெரியாமல் மது குடித்தால் உயிருக்கே ஆபத்து, மனக்குழப்பமும் கூடும். அரசின் மனநல உதவி எண் 14416-இல் பேசினோம், பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் அவன் வர மறுக்கிறான்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 89-இன்படி, அவன் சம்மதிக்காவிட்டாலும், நியமனப் பிரதிநிதி (நோயாளியின் சார்பில் செயல்படுபவர்) விண்ணப்பித்து, இருவர் தனித்தனியே பரிசோதித்து (ஒருவர் மனநல மருத்துவர்), 30 நாள் வரை சேர்க்கலாம். மதுவால் வரும் மனநிலைக் கோளாறும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள்தான் வருகிறது.

மதுரைக்குத் தெற்கே, வலிப்பு வராமல் குடியை நிறுத்தி, கூடவே பைபோலாருக்கும் வைத்தியம் பார்த்து, பிரிவு 89-இல் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனை எது?