கோரமான கேஸ் முடிந்ததும் வரும் சிரிப்பு: புதியவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

இரவு_ஷிஃப்ட் கேட்டது:
ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மீட்புப் பணிக்குப் புதிதாக வருபவர்களின் பயிற்சியில் டார்க் ஹியூமர் (சாவையும் கோரத்தையும் வைத்து அடிக்கும் ஜோக்) பற்றிப் பேச அரை மணி நேரம் இருக்கிறது. "வண்டியில் பேசியது வண்டியோடு" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், ஆனால் அது போதாது. தடை போட்டால் நிற்காது. அப்படியே விட்டால் ஒருநாள் உறவினர் காதில் விழும். எந்த ஜோக் ஆளைத் தாங்குகிறது, எது ஆள் உடைந்துகொண்டிருப்பதைக் காட்டுகிறது? பொதுவான அறிவுரை வேண்டாம். வேலையில் வைத்துப் பார்க்கிற மாதிரி அளவுகோல் இருந்தால் சொல்லுங்கள்.

பழைய_ஸ்ட்ரெச்சர்:
முதலில் அது ஏன் வருகிறது என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் சீனியர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று புதியவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றம் என்று சிபிஆர் (இதயம் நின்றவரின் மார்பை அழுத்திக் கொடுக்கும் முதலுதவி) கொடுத்து, கடைசியில் ஆள் போய்விட்டால், கொடுத்தவரின் உடம்பு உடனே நிற்பதில்லை. படபடப்பும் கை நடுக்கமும் அப்படியே இருக்கும். உட்கார்ந்து அழவும் முடியாது. மார்பில் ஒட்டும் ஷாக் பேட் மாற்ற வேண்டும், வாயிலுள்ள சளியை உறிஞ்சும் சக்‌ஷன் கழுவ வேண்டும், தரை துடைக்க வேண்டும், அடுத்த அழைப்பு எப்போது வருமோ தெரியாது. அந்த இடைவெளியில் ஐந்து நொடியில் முடிகிற வடிகால் சிரிப்புதான்.

மக்ரா, வாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஒன்று 'தப்பு' என்றும் 'பரவாயில்லை' என்றும் ஒரே சமயத்தில் தோன்றினால்தான் சிரிப்பு வரும் என்பது அதன் சாரம். வண்டிக்குள் இருப்பவருக்கு இரண்டுமே தெரிகிறது, ஏனென்றால் ஜோக் அடிப்பவர் அந்த நோயாளிக்காக வியர்த்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். வெளியாளுக்குத் தப்பு மட்டும்தான் கேட்கும். அதே ஜோக்கை வீட்டில் சொன்னால் சாப்பாட்டு மேசை உறைந்துபோவது இதனால்தான்.

என் அளவுகோல் ஒன்றுதான்: அடி யார் மேல் விழுகிறது? சாவு, நம் தடுமாற்றம், கடைசி நேரத்தில் ஒட்டாத பேட், 'இன்னைக்கு அமைதியா இருக்கே' என்று வாயை வைத்த ஆள், இவை மேல் விழுந்தால் விடுங்கள். நோயாளியின் உடல் பருமன், போதை, வறுமை, உறவினர் அழுத விதம், இவை மேல் விழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். துன்பத்தில் சிரி என்று நம் பெரியவர்கள் சொன்னது அவரவர் துன்பத்தை. இங்கே துன்பம் அடுத்தவருடையது.

கன்ட்ரோல்ரூம்_காது:
மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். நல்ல ஜோக்கும் தப்பான காதில் விழுந்தால் கெட்ட ஜோக். எங்கே கசிகிறது என்பதைப் புதியவர்களுக்குப் பட்டியலாகவே கொடுங்கள்.

வயர்லெஸ் மைக் இரண்டு சீட்டுக்கு நடுவே விழுந்து பட்டன் அழுந்திக்கொண்டால், கேபின் பேச்சு மொத்தச் சேனலுக்கும் போகும். உங்களுக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் அழுந்தியிருக்கும்வரை மற்றவர்கள் திருப்பிக் கூப்பிட்டாலும் உங்கள் செட்டில் கேட்காது. சேனல் பதிவாகவும் ஆகும். இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர்களில் சில மாடல்கள் ஈசிஜியோடு சுற்றுச் சத்தத்தையும் பதிவு செய்கின்றன; இதைப் பலர் யோசிப்பதே இல்லை. டிரைவர் கேபினுக்கும் பின்பகுதிக்கும் நடுவிலுள்ள ஜன்னல், முன் சீட்டில் உட்கார்ந்து வரும் உறவினர், அவசரப் பிரிவு வாசலில் வண்டி கழுவும் இடம், இவை மூன்றும் அடுத்தவை. மயக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது என்று நம்ப வேண்டாம்.

எழுத்தில் வரவே கூடாது. கேஸ் ஷீட்டில் கிண்டல் சுருக்கெழுத்து எழுதினால், நீதிமன்றத்தில் அதை விரித்துச் சொல்ல வேண்டியவர் எழுதியவர்தான். வாட்ஸ்அப் குரூப்பும் எழுத்துதான், ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி. நோயாளியை ஒப்படைத்து, கதவு சாத்தி, வண்டி அந்த வளாகத்தை விட்டு நகரும்வரை வாய் திறக்காமல் இருப்பது நடைமுறைக்கு எளிது.

துணைக்கைகள்:
கேள்வியின் இரண்டாம் பாதியை யாரும் தொடவில்லை. உளவியலாளர் மாஸ்லாக்கின் பர்ன்-அவுட் (வேலையே ஆளை எரித்துவிடும் நிலை) அளவீட்டில் (1981) சோர்வு, மனிதரை மனிதராகப் பார்க்காமல் போவது, 'நான் செய்து என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம் என மூன்று பகுதிகள். ஜோக் கவலைக்குரியதாவது அந்த இரண்டாவதில். கவனியுங்கள்: சிரிப்பே இல்லாமல் கிண்டல் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறதா? நோயாளியைப் பார்க்கும் முன்பே, போகிற வழியிலேயே கிண்டல் தொடங்குகிறதா? ஒரே சம்பவத்தைப் பற்றி அதே ஜோக் வாரக்கணக்கில் திரும்ப வருகிறதா? "தூக்கம் வரல" என்று ஒருவர் சொன்னதும் இன்னொருவர் ஜோக்கால் மூடுகிறாரா? இந்தக் கடைசி ஒன்றுதான் எனக்கு மிக மோசமான அறிகுறி. நல்ல சிரிப்புக்குப் பிறகு பேச்சு தொடரும். இதற்குப் பிறகு நின்றுவிடும். எப்போதும் சிரிக்க வைத்தவர் திடீரென்று மௌனமானால் அதையும் இதே கணக்கில் சேருங்கள்.

முதல் சில நாள் தூக்கம் கெடுவது சகஜம். காட்சி திரும்பத் திரும்ப வருவது, அந்தத் தெருவையே தவிர்ப்பது, சின்னச் சத்தத்துக்கும் பதறுவது எல்லாம் ஒரு மாதத்தைத் தாண்டினால் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறு) மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். வேலையே செய்ய முடியவில்லை என்றால் மாதம் முடியக் காத்திருக்கவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, நடந்ததைக் கட்டாயமாகச் சொல்ல வைக்கும் ஒற்றை அமர்வு வேண்டாம். அது பிடிஎஸ்டியைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது. அதற்குப் பதில் அடுத்த அழைப்பு வராதபடி வண்டியைப் பத்து நிமிடம் லைனிலிருந்து எடுங்கள். தண்ணீர் கொடுங்கள். வேலையில் எது இடறியது என்று முதலில் கேளுங்கள், நீ எப்படி இருக்கிறாய் என்பது பிறகு, அதுவும் தனியாக.

இரவு_ஷிஃப்ட்:
நன்றி. புதிதாக வந்தவர் சிரிக்கவில்லை என்றால்?

பழைய_ஸ்ட்ரெச்சர்:
சிரிக்க வைக்க முயலாதீர்கள். குழந்தை இறந்த கேஸில் சீனியர்களே சிரிப்பதில்லை. டீம் லீடர் எந்தக் கேஸிலும் முதல் ஜோக்கைத் தான் அடிக்கக் கூடாது. அவர் அடித்தால் மற்றவர்களுக்குச் சிரிப்பதும் டியூட்டியாகிவிடும்.