துக்கம் கேட்கப் போன இடத்தில் ‘எல்லாம் வினை’ என்று சொல்லலாமா?

கோட்டையூரான்:
காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் துக்கம் கேட்கப் போனால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: ‘எல்லாம் அவுக செஞ்ச வினை.’ கைக்குழந்தை போனாலும் இதே பேச்சுதான். சமயங்கள் உண்மையில் இப்படித்தான் சொல்கின்றனவா? சொந்த வீட்டுக் கதை வேண்டாம், நூலை வையுங்கள்.

பேரேடு:
சைவ சித்தாந்தப்படி கன்மம், அதாவது வினை, மூன்று. பல பிறவியில் சேர்ந்து கிடக்கிற மொத்தப் பாக்கி சஞ்சிதம். அதில் இந்தப் பிறவிக்கென்று பிரித்து எடுத்தது பிராரத்தம். அதை அனுபவிக்கும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். லேவாதேவிக் கடையில் பெட்டியடி பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கன்மம் அறிவில்லாத சடப்பொருள், தானாக வந்து பிடிக்காது. உயிரோடு கூட்டிவைக்க இறைவன் வேண்டும். தீமையை அவன் படைக்கவும் இல்லை, உயிரை மறைக்கிற ஆணவ மலம் அநாதி, தொடக்கமில்லாதது. ‘கடவுள் வல்லவனும் நல்லவனும் என்றால் தீமை எங்கிருந்து வந்தது’ என்று கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸ் பெயரில் ஓடுகிற கேள்வி, ஒன்றுமில்லாததிலிருந்து உலகைப் படைத்த கடவுளிடம்தான் முழுசாகச் செல்லும்.

வேப்பங்கொத்து:
கணக்கென்றே வைத்துக்கொள்வோம் அண்ணே. பத்திரத்தைக் காட்டாமல் ஜப்திக்கு வருகிற கடை எந்த ஊரில் இருக்கிறது? எதற்கென்று தெரியாத தண்டனை யாரைத் திருத்தும்? 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் லட்சக்கணக்கானோர் அரக்கான், மணிப்பூர் வழியாக நடந்தே வந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்கெல்லாம் ஒரே மாதத்தில் பாக்கி முதிர்ந்ததா? அடுத்தது குறள் 37, ‘அறத்தாறு இதுவென வேண்டா’. பல்லக்கில் போகிறவனையும் தூக்குகிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் தெரியும் என்று பரிமேலழகர் உரை. தூக்குகிறவனுக்குக் கூலியைக் கூட்டிக் கேட்கக்கூட வாய் வராதே!

பேரேடு:
பத்திரம் கேட்டது நல்ல அடிதான். ஆனால் சித்தாந்தத்தில் பிராரத்தம் தண்டனை இல்லை, தின்று தீர்க்க வேண்டியது. இன்பமும் துன்பமும் ஒன்றுபோலத் தெரிகிற இருவினையொப்பு வரும்வரை அது ஓடும். சும்மா கிடந்து அனுபவி என்றும் சொல்லவில்லை. திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தபோது சம்பந்தர் பாடிய திருநீலகண்டப் பதிகத்தைப் பாருங்கள். ‘அவ்வினைக்கு இவ்வினை’ என்று சொல்வது தெரிந்தும் ‘உய்வினை நாடாதிருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே’ என்று முதல் பாட்டிலேயே கேட்கிறார். வினை என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வதுதான் அங்கே குறை.

சருகணி ரோடு:
துக்கம் கேட்கப் போகிறவர்களுக்கு என்றே எழுதியதுபோல் இருப்பது பைபிளில் உள்ள யோபு ஆகமம். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவிடம் மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை சரி. பிறகு ‘நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய்’ என்று ஆரம்பிக்கிறார்கள். 42-ஆம் அதிகாரத்தில் கடவுளின் கோபம் அவர்கள் மேல்தான். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று தாமே சொல்கிறார்.

வேப்பங்கொத்து:
யோபுவுக்குக் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லையே. ‘நான் உலகத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய்’ என்று எதிர்க்கேள்விதான் வருகிறது. செத்த பத்துப் பிள்ளைகளுக்கு ஈடாக வேறு பத்து. மனிதனின் சுதந்திரத்தால் தீமை என்ற கிறிஸ்தவ ஞானி அகுஸ்தீனின் வாதம் கொலைக்கு ஒத்துவரும், 2004 சுனாமிக்கு?

இளையான்குடி பாய்:
குர்ஆன் 2:155-ல் அச்சம், பசி, பொருள், உயிர், விளைச்சல் இழப்பு எல்லாம் சோதனை என்று வருகிறது. 42:30-ல் உங்கள் கைகள் சம்பாதித்தது என்றும் வருகிறது. இரண்டாவதை எடுத்து அடுத்தவன் மேல் ஏவுகிற ஆட்கள் எங்களிலும் உண்டு, மறைக்கவில்லை. நடைமுறையில் மார்க்கம் கறாராக இருப்பது வேறு இடத்தில்: மூன்று நாள் துக்கம், மனைவிக்கு நான்கு மாதம் பத்து நாள். சாப்பாடு அக்கம்பக்கத்திலிருந்து மௌத்து வீட்டுக்குப் போக வேண்டும். தம் உறவினர் ஜஃபர் இறந்தபோது நபி சொன்னது அது. இன்றைக்குப் பல ஊரில் துக்க வீட்டுக்காரனே கடன் வாங்கி ஊருக்குச் சோறு போடுகிறான், இது தலைகீழ். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதே, உள்ளே இருந்தால் வெளியேறாதே என்ற ஹதீஸும் இருக்கிறது.

மருந்துக்கடை:
அம்மை கண்ட வீட்டில் இங்கே யாரும் பாவம் என்று சொல்வதில்லை, ‘ஆத்தா வந்திருக்கா’ என்பார்கள். வாசலில் வேப்பிலை, வெளியாள் வரக்கூடாது, தாளிப்பு கிடையாது, கொப்புளம் காய்ந்த பிறகு வேப்பிலை மஞ்சள் போட்ட தண்ணீர். நோயாளியைப் பழி சொல்லாமல் தனிமைப்படுத்துவதில் இதை மிஞ்ச முடியாது. ஓட்டை எங்கே என்றால், சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றும், எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தொற்றும். பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நிமோனியாவில் முடியலாம். அசைக்ளோவிர் மருந்தைக் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மூன்று தண்ணீர் ஊற்றிவிட்டு டாக்டரிடம் போனால் அந்த நேரம் போய்விடும். குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

வேப்பங்கொத்து:
சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் சீவகன் என்ற துறவி இதே கேள்வியோடு புத்தரிடம் போகிறார், படுவதெல்லாம் பழைய வினையா என்று. புத்தர் எட்டுக் காரணம் சொல்கிறார்: பித்தம், சிலேத்துமம், வாதம், மூன்றும் சேர்ந்தது, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்கியது, வினை. வினை எட்டில் ஒன்று. மற்ற ஏழையும் பார்க்காமல் எட்டாவதை எடுக்காதே என்றுதான் நான் படிப்பேன்.

பேரேடு:
அந்த ஏழும் வினை வந்து சேரும் வழிகள் என்று சித்தாந்தி சொல்வான்.

வேப்பங்கொத்து:
அப்படியானால் எதை வைத்து அதைப் பொய் என்று நிறுவுவது? எது நடந்தாலும் பொருந்துகிற கணக்கைத் தணிக்கை செய்ய முடியாதே அண்ணே.

ஆறாவயல்:
நம்ம மகிபாலன்பட்டிதான் பழைய பூங்குன்றம் என்பார்கள். ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ வரைக்கும் மேடைதோறும் கேட்கிறோம். அதே புறம் 192-ல் உயிர், ஆற்றுநீர் இழுத்த வழியே போகிற புணைபோல முறைவழிப் போகும் என்று சொன்னவர், அதனாலேயே பெரியோரை வியப்பதும் இல்லை, ‘சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்று முடிக்கிறார். ஊழை நம்பியே வருகிற முடிவு இது. பேரேடு அண்ணன் கட்சிக்கும் இது பொருந்தும்தானே?

பேரேடு:
பொருந்தும். வினைக்கணக்கு என் வரைக்கும்தான், அடுத்தவர் வீட்டுப் பேரேட்டை நான் திறக்க முடியாது. தணிக்கைக் கேள்விக்கு நாளை எழுதுகிறேன், எதை எப்படி உண்மை என்று அறிகிறோம் என்கிற அளவை இயலிலிருந்து தொடங்க வேண்டும்.