கண்ணு தெரியாதவங்க செயின்சா ஓட்டலாமா? சாஞ்ச தென்னையை துண்டு போட வழி கேக்குறேன்

தோப்புக்காரன் (கேள்வி)

வணக்கம். பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பு வச்சிருக்கேன். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவால பார்வை போயிருச்சு, பகலா ராத்திரியான்னு வெளிச்சம் மட்டும் தெரியும், உருவம் எதுவும் தெரியாது. ஆனா தோப்பு வேலை சின்ன வயசுலேர்ந்து கையில ஊறுனது. தண்ணி கட்டுறது, மட்டை இழுத்துப் போடுறது, பாரையில காய் உரிக்கிறது எல்லாம் இப்பவும் நான்தான் செய்யுறேன்.

விஷயம் என்னன்னா போன காத்துல சில மரம் சாஞ்சு கெடக்கு. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப தோப்பு தோப்பா போனதால மிஷின்காரங்க வெளியூர்லேர்ந்தெல்லாம் வந்து நின்னாங்க, இப்ப ரெண்டு மூணு மரத்துக்காக கூப்பிட்டா நாளைக்கு வர்றேன்னு சொல்றவங்க வர்றதே இல்ல. கட்டையை அப்படியே போட்டு வைக்கவும் முடியாது, மக்குற தென்னங்கட்டைக்குள்ளயும் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், அப்புறம் பக்கத்துல நிக்கிற கன்னு குருத்தெல்லாம் ஓட்டை விழுந்து போயிரும்.

அதனால நானே ஒரு செயின்சா வாங்கி படுத்துக் கெடக்குற கட்டையை மட்டும் துண்டு போடலாம்னு இருக்கேன். நிக்கிற மரத்தை தொடவே மாட்டேன், மரத்துல ஏறவும் மாட்டேன். கேள்வி என்னன்னா பெட்ரோல் மிஷினா பேட்டரி மிஷினா, காதுக்கு மஃப் போட்டா எனக்கு இருக்குற ஒரே வழியும் அடைபட்டுப் போகுமே அதுக்கு என்ன செய்யுறது, வெட்டுற எடத்தை எப்படி குறிச்சுக்கிறது. வேண்டாம்னு சொல்றவங்களும் சொல்லுங்க, ஆனா எதனால வேண்டாம்னு காரணத்தோட சொல்லுங்க, வீட்ல எல்லாரும் வேண்டாம்னு மட்டும்தான் சொல்றாங்க.

மிஷின்பட்டறை

அண்ணே வணக்கம், நான் செயின்சா புதர்வெட்டி எல்லாம் சர்வீஸ் பண்றவன். காரணத்தோட கேட்டீங்க, அதனால மொதல்ல ஆபத்து எங்க இருக்குன்னு சொல்லிடுறேன்.

செயின்சாவுல ஆளை அடிக்கிறது பெரும்பாலும் பாரோட மூக்கு, அதாவது செயின் சுத்தி ஓடுற நீளத் தகட்டோட முனை. மூக்கோட மேல்பாதி ஏதாவது கட்டையிலயோ கல்லுலயோ பட்டுச்சுன்னா செயின் அங்க கடிச்சு நின்னு மொத்த மிஷினையும் மேல தூக்கி உங்க மூஞ்சி கழுத்துப் பக்கம் எறியும், இதைத்தான் கிக்பேக்னு சொல்றது. செயின் செகண்டுக்கு 20 மீட்டர் வேகத்துல ஓடுது, அந்த எகிறலை கண்ணால பாத்து ஒதுங்குறது யாராலயும் ஆகாத காரியம். கண்ணு நல்லா இருக்குறவனையும் காப்பாத்துறது மூணு விஷயம்தான். இடது கை கட்டை விரல் முன் கைப்பிடியை சுத்தி முழுசா புடிச்சிருக்கணும், உடம்பு பாரோட நேர் கோட்டுல நிக்காம ஒரு பக்கமா விலகி நிக்கணும், முன்னாடி இருக்குற செயின் பிரேக் வேலை செய்யணும். இது மூணும் கையால தடவிப் பாத்தே உறுதி பண்ணிக்கலாம்.

ஆனா மூக்கு எதுலயும் படாம பாத்துக்கிறதுல கண்ணுக்கு பெரிய பங்கு இருக்கு, அத மறைக்க மாட்டேன். அதுக்கு என் யோசனை, கட்டையோட அந்தப் பக்கம் ஒரு கை நீளத்துக்கு தரை சுத்தமா இருக்கணும். மிஷினை எடுக்கறதுக்கு முன்னாடியே கோலால தட்டி, அப்புறம் கையாலயும் தடவி மட்டை, கல்லு, பன்னாடை, வேலிக் கம்பி எதுவும் இல்லன்னு பாத்துருங்க. பார் கட்டையோட தடிமனை விட கொஞ்சம் நீளமா இருக்கட்டும், 30 சென்டிமீட்டர் கட்டைக்கு 16 இஞ்ச் பார் சரியா வரும். மிஷின் முன்னாடி பல்லு மாதிரி இரும்பு முள்ளு இருக்கும் பாருங்க, அதை கட்டையில ஊனிட்டு பாரோட கீழ்பக்கத்தால மட்டும் மேலேர்ந்து கீழ அறுங்க. அப்படி அறுத்தா செயின் மிஷினை கட்டையை நோக்கி இழுக்கும், பாரோட மேல்பக்கத்தால அறுத்தா மிஷின் உங்க பக்கம் தள்ளும். அடியிலேர்ந்து மேல அறுக்குற வேலை உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

பெட்ரோலா பேட்டரியான்னா யோசிக்காம பேட்டரி வாங்குங்க. பெட்ரோல் மிஷின் அறுக்காதப்பவும் ஐடில்ல கத்திக்கிட்டே இருக்கும், சுத்தி நடக்குறது எதுவும் காதுல விழாது. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றது, எண்ணெய் கலக்குறது, சூடான சைலன்சர்னு வேற தொல்லையும் இருக்கு. பேட்டரி மிஷின்ல விரலை எடுத்தா செயின் நின்னுரும், அமைதியாயிரும், ஆள் வந்தாலும் நாய் வந்தாலும் கேக்கும். ஒண்ணே ஒண்ணு, பேட்டரி மிஷின் பாக்க சாதுவா இருக்கும், பட்டன் அமுங்குனா அந்த நொடியே ஓடும். பேட்டரியை கழட்டி வெளியில வச்சாச்சுன்னாதான் உங்க கை பார் பக்கமே போகணும், செயின் டைட் பாக்குறதா இருந்தாலும் சரி, தூசி துடைக்கிறதா இருந்தாலும் சரி.

ஒரத்தநாடு மரவெட்டி

தோப்புக்கார அண்ணனுக்கு வணக்கம். நான் கான்ட்ராக்ட் எடுத்து மரம் வெட்டுறவன், கஜாவுக்கு அப்புறம் உங்க பக்கமெல்லாம் மாசக்கணக்குல வேலை பாத்திருக்கேன். நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், காரணத்தையும் சொல்றேன்.

நிக்கிற மரத்தை விட சாஞ்ச மரம்தான் மோசம்ணே. படுத்திருக்குன்னு நினைப்போம், உள்ள அது வில்லு மாதிரி விறைச்சுக்கிட்டு இருக்கும். வேர் பாதி மண்ணுல பாதி வெளியில இருக்குற மரத்துல தூர் பக்கம் வெட்டுனா அந்த வேர்க்கட்டி சடார்னு திரும்பி குழியில உக்காரும், நடுவுல நிக்கிற ஆளை அமுக்கிரும். ரெண்டு முனையும் வரப்புல நடுவுல பள்ளம்னு கெடந்தா மேலேர்ந்து வெட்ட வெட்ட வாய் மூடி பாரை கவ்விக்கும். ஒரு முனை மட்டும் தூக்கிக்கிட்டு இருந்தா நேர் எதிரா மேல்வாய் பொளந்து, பாதி அறுக்குறதுக்குள்ள முறிஞ்சு காலுல விழும். இதையெல்லாம் நாங்க தூரத்துலேர்ந்தே பாத்து எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு முடிவு பண்ணுவோம்.

இன்னொன்னு, தோப்புல ஆடு மேய்க்கிற புள்ளைங்க, காய் பொறுக்க வர்றவங்கன்னு யாராவது குறுக்க வந்துக்கிட்டே இருப்பாங்க. உங்களுக்கு ஒண்ணு ஆகுறது ஒரு பக்கம்னா, அடுத்த வீட்டுப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க?

கோவை தச்சர்

நான் பொறவியிலயே பார்வை இல்லாதவன், தச்சு வேலை செய்யுறேன், டேபிள் சா ட்ரில்லு எல்லாம் தெனமும் ஓட்டுறேன். மரவெட்டி தம்பி சொல்றதுல ஒரு வார்த்தை கூட தப்பு இல்ல. ஆனா அவரு சொன்ன ஒவ்வொண்ணுக்கும் கையால ஒரு பதில் இருக்கு, அதுக்கு நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். அமெரிக்காவுல லூசியானா சென்டர் ஃபார் தி பிளைண்ட்னு ஒரு பயிற்சி மையம் 1985லேர்ந்து நடக்குது, அங்க பார்வை இல்லாதவங்களுக்கு மரப்பட்டறை வேலையும் பாடமாவே இருக்கு. கொஞ்சம் பார்வை இருக்குறவங்களும் கண்ணைக் கட்டிக்கிட்டுதான் கத்துக்கணும். பட்டறையில மெஷின் ஒரே எடத்துல நிக்குது, கட்டைதான் நகருது, செயின்சாவுல ரெண்டுமே கையில. அந்த வித்தியாசத்தை குறைக்கிறதுதான் நம்ம வேலை.

நம்ம ஆளுங்க எல்லாருக்கும் நான் சொல்றது இதான், தேடுறதும் அறுக்குறதும் ஒரே நேரத்துல நடக்கக் கூடாது. மிஷின் செத்துக் கெடக்கும்போது எல்லாத்தையும் தேடி முடிச்சிரணும், மிஷின் உசிரோட இருக்கும்போது ரெண்டு கையும் கைப்பிடியை விட்டு எதையும் தேடிப் போகவே கூடாது. எதாவது சந்தேகம் வந்தா விரலை எடு, செயின் நிக்கட்டும், பிரேக் போடு, பேட்டரியை கழட்டு, அப்புறம் தடவிப் பாரு. ஒரு வெட்டுக்கு பத்து தரம் இப்படி ஆனாலும் ஆகட்டும்.

தென்னைங்குறது உங்களுக்கு ஒரு பெரிய சவுகரியம். வேம்பு புளி மாதிரி கிளை கிடையாது, கொண்டையை அருவாளால கழிச்சுட்டா மீதி ஒரே உருளை, முடிச்சு இல்ல கவட்டை இல்ல. கிளை கழிக்கிற வேலையிலதான் மூக்கு போய் எதுலயாவது முட்டும், அந்த வேலையே இங்க இல்ல. கட்டை நெடுக தடவிக்கிட்டே நடந்து போங்க, எங்க தரையில படுது எங்க கை உள்ள போகுதுன்னு தெரிஞ்சிரும். எடைவெளி இருக்குற எடத்துல எல்லாம் ரெண்டு பக்கமும் முட்டு குடுத்து ஆப்பு அடிங்க, கட்டை தொங்கவும் கூடாது, உருளவும் கூடாது. வெட்டு கொஞ்சம் எறங்குனதும் மிஷினை நிறுத்தி வெளிய எடுத்து, வாயில ஒரு பிளாஸ்டிக் ஆப்பு சொருகிட்டு திரும்ப ஆரம்பிங்க, கவ்வாது. இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் பட்டா பல்லு தெறிக்கும்.

குறிக்கிறதுக்கு சைக்கிள் ட்யூப் ஒரு பட்டை கட்டையை சுத்தி கட்டுங்க, ஆணி அடிக்காதீங்க. வெட்டுற எடத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி கட்டுங்க, கிட்டக்க இருந்தா செயின்ல சுத்திக்கும். மிஷின் ஓடாதப்பவே பாரை உறையோட கட்டை மேல வச்சு, பட்டைக்கு நேரா இருக்கான்னு பாத்து, கால் ரெண்டையும் ஊனி அந்த நிலையை உடம்புல பதிய வச்சுட்டு, அப்புறம் உறையை எடுத்து பேட்டரி போடுங்க.

காதை மூடாம ஓட்டாதீங்க. நமக்கு காது போச்சுன்னா எல்லாம் போச்சு. எலக்ட்ரானிக் மஃப்னு கிடைக்குது, சுத்தி இருக்குற சின்ன சத்தத்தை மைக் வழியா உள்ள விடும், பெரிய சத்தத்தை 82 டெசிபல் அளவுல கட்டுப்படுத்திரும். விலை சாதா மஃப்பை விட பல மடங்கு, ஆனாலும் அதுலதான் காசு போடணும். மோட்டார் சத்தம் அறுக்கும்போது கனத்து எறங்கும், கட்டை முடியப் போறப்ப லேசாயி ஏறும், அது காதுல விழுந்ததும் அழுத்தறதை விட்டுருங்க, மிஷின் தன் கனத்துலயே முடிக்கட்டும்.

தோப்புக்காரன்

எல்லாருக்கும் நன்றி. மரவெட்டி தம்பி சொன்ன வேர்க்கட்டி விஷயம் எனக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லல, தூர் பக்கம் நான் போக மாட்டேன். கோவை அண்ணன் சொன்னபடி நேத்து மிஷின் இல்லாமலே ஒரு மரத்தை நெடுக தடவிப் பாத்தேன், ஒரு எடத்துல வரப்புக்கும் கட்டைக்கும் நடுவுல முழங்கை வரைக்கும் உள்ள போச்சு, அங்க ஆப்பு வைக்கணும்னு புரிஞ்சுது.

ரெண்டு சந்தேகம். ஒரு மரத்துல அடியில தட்டுனா பொத்துனு கேக்குது, தஞ்சாவூர் வாடல் நோய் வந்த மரம், அதை வேற மாதிரி வெட்டணுமா? அப்புறம் பல்லு மழுங்குனா அரம் போடுறதை நானே செய்ய முடியுமா, ஒவ்வொரு தரமும் பட்டறைக்கு வண்டி புடிச்சு வர முடியாது.

மிஷின்பட்டறை

வாடல் நோய் மரத்தோட அடி உள்ள அழுகி இருக்கும், பார் திடீர்னு வெண்ணெய்ல போற மாதிரி எறங்கும், அதை எதிர்பாக்காம அழுத்திக்கிட்டு இருந்தா நிலை தடுமாறிரும். தட்டிப் பாத்து சத்தம் கெட்டியா கேக்குற எடம் வந்த பிறகு வெட்டுங்க, அடிப்பகுதியை தம்பி மாதிரி ஆளுங்க வேரோட எடுக்கட்டும், அது தோப்புல இருக்கக் கூடாதது.

அரம் தாராளமா போடலாம், கையால தெரிஞ்சுக்கிற வேலைதான் அது. தென்னங்கட்டை வெளிப்பக்கம் இரும்பு மாதிரி உள்ள சோத்துப் பதம், பல்லை சீக்கிரம் தேச்சிரும், மண்ணு ஒட்டியிருந்தா இன்னும் மோசம், வெட்டுற எடத்தை தென்னந்தொடப்பத்தால நல்லா தேச்சு விட்டுட்டு ஆரம்பிங்க. மழுங்கிருச்சான்னு தூளை அள்ளிப் பாத்தாலே தெரியும், சில்லு சில்லா நறநறன்னு இருந்தா பல்லு இருக்கு, மாவு மாதிரி இருந்தா அரம் போடணும். பேட்டரியை கழட்டி, பாரை வைஸ்ல கவ்வ விட்டு, கையில தோல் கையுறை போட்டுக்கிட்டு, செயின்ல ஒரு கண்ணியில நூலு கட்டிக்கோங்க, அதான் ஆரம்பம். அரத்துக்கு கோணம் புடிச்சுக் குடுக்குற கைடு கிடைக்கும், அதை வாங்கிட்டா 30 டிகிரி தானா வரும். ஒரு பக்கத்துப் பல்லு எல்லாத்துக்கும் ஒரே அளவு இழுப்பு, நூலு திரும்பி வந்தா அந்தப் பக்கம் முடிஞ்சுது, அப்புறம் எதிர்பக்கம். அரம் எந்த சைஸுன்னு செயினை பொறுத்தது, செயின் நம்பரை போன்ல சொல்லுங்க, சொல்றேன்.

கட்டையில இருக்குற நாரு ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டுற பல்சக்கரம்) மூடிக்குள்ள போய் அடைக்கும், தெனமும் மூடியை கழட்டி சுத்தம் பண்ணணும். செயின் டைட்டுக்கு பாரோட கீழ்பக்கம் நடுவுல செயினை இழுத்து விடுங்க, டக்னு திரும்பி ஒட்டணும், உள்பக்கத்து பல்லு தவாளிப்பை விட்டு வெளிய வரக் கூடாது.

காலுக்கு ஒரு வார்த்தை. நம்ம பக்கம் லுங்கி செருப்போட ஓட்டுறாங்க, அது யாருக்குமே ஆகாது. செயின்சா சாப்ஸ்னு கால்மறைப்பு இருக்கு, உள்ள நீள நாரு அடுக்கி வச்சிருக்கும், செயின் பட்டா அந்த நாரு போய் சுத்தி மிஷினை நிறுத்தும். பேட்டரி மோட்டாருக்கு இழுவை வேற மாதிரி, பெட்ரோல் மிஷின் அளவுக்கு உறுதியா நிறுத்தும்னு நம்பிர முடியாது. இருந்தாலும் போடாம இருக்குறதுக்கு எத்தனையோ மேல்.

ஒரத்தநாடு மரவெட்டி

படிச்சேன். கோவை அண்ணன் சொன்ன ஆப்பு முட்டு எல்லாம் எங்க பசங்களே ஒழுங்கா செய்யறதில்ல. இன்னும் எனக்கு மனசு முழுசா ஒத்துக்கல, ஆனா அண்ணன் இவ்வளவு பாத்து செய்யுறாருன்னா தடுக்க மாட்டேன், ஒரு ஏற்பாடு மட்டும் சொல்றேன்.

தூர் வெட்டு, தூக்கிக்கிட்டு நிக்கிற முனை, ஒண்ணு மேல ஒண்ணு கெடக்குற மரம், இந்த மூணும் எங்க வேலை. அடுத்த வாரம் உங்க பக்கம் வர்றேன், அதை முடிச்சு, மீதியை சமதரையில உருட்டி சின்ன கட்டை மேல ஏத்தி வச்சுட்டுப் போறேன், தரைக்கும் கட்டைக்கும் நடுவுல நாலு விரல் இடம் இருந்தா மூக்கு மண்ணுல படாது. பச்சையில ஒரு மீட்டர் துண்டே அம்பது கிலோவுக்கு மேல வரும், ஒண்டியா தூக்காதீங்க.

நீங்க வெட்டுற அன்னைக்கு சுத்தி கயிறு கட்டுங்க, கட்டையிலேர்ந்து முப்பதடிக்கு மேல தள்ளி. கயித்துல ரெண்டு மூணு எடத்துல ஆட்டு மணி தொங்க விடுங்க, யாரு தாண்டுனாலும் சத்தம் வரும். அதோட வீட்ல ஒரு பெரிய ஆள் கயித்துக்கு வெளிய விசிலோட உக்காந்திருக்கணும், அவங்களுக்கு வேற வேலை எதுவும் குடுக்கக் கூடாது, போனும் பாக்கக் கூடாது. ஒரு விசில்னா நிறுத்து. மிஷின் ஓடும்போது விசில் அந்த மஃப் வழியா கேக்குதான்னு மொத நாளே சோதிச்சுப் பாத்துருங்க, கேக்கலன்னா உங்க இடுப்புல ஒரு கயித்தைக் கட்டி மறுமுனையை அவங்க கையில குடுங்க, ஒரு இழுப்பு இழுத்தா விரலை எடுத்துரணும். அந்தக் கயிறு பின்னாடி பக்கமா மட்டும் போகட்டும், முன்னாடி வந்தா செயின்ல மாட்டும்.

நான் வர்றப்ப என் பழைய பாரும் செயினும் கொண்டு வர்றேன், மிஷின் இல்லாம அதை வச்சு தடவிப் பழகுங்க. எந்தக் கிழமை தோதுப்படும்னு சொல்லுங்க.