கடைசிப் பக்கங்கள் இல்லாமல் படித்த ஃபீனிக்ஸ் ஃபோர்ஸ்: உங்களுக்கும் இப்படி ஒன்று உண்டா?

அல்லிக்குளத்தான்:
ஐந்து பேர் கொண்ட கமாண்டோ அணியின் சாகசங்களைச் சொல்லும் ஆங்கில நாவல் வரிசையான ஃபீனிக்ஸ் ஃபோர்ஸ் படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். அல்லிக்குளம் பழைய புத்தகக் கடையில் மூன்று ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். முன்னட்டை கிழிந்துபோயிருந்தது. அதனால் எத்தனையாவது புத்தகம் என்றுகூட இன்றுவரை தெரியாது.

அணித் தலைவர் கட்ஸனெலன்போகன், சுருக்கமாக கட்ஸ். 1967-ல் அரபு நாடுகளோடு நடந்த ஆறு நாள் போரில் வலது கையையும் ஒரே மகனையும் இழந்த இஸ்ரேலியர். முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்த எனக்கு அவருடைய செயற்கைக் கை உடனே பிடித்துப்போனது. ஆனால் மாயாவி மின்சாரம் பாய்ந்ததும் கை மட்டும் தெரிய மறைந்துவிடுவார். கட்ஸால் அது முடியாது. நரைத்த தலையும் லேசான தொப்பையுமாக எதிரியின் முன்னால் நின்றுதான் ஆக வேண்டும். அதுதான் எனக்குப் பெரிய வீரமாகத் தெரிந்தது.

பார்க் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் படிக்க ஆரம்பித்தேன், இரண்டு நாளில் முடிவை நெருங்கிவிட்டேன். கட்ஸைச் சோதனை போட்டு ஆயுதங்களைப் பிடுங்கிவிட்டார்கள். செயற்கைக் கையை மட்டும் யாரும் தொடவில்லை. அதன் ஆள்காட்டி விரலுக்குள் .22 மேக்னம் துப்பாக்கி இருப்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. கட்ஸ் கையை மெதுவாக உயர்த்துகிறார். பக்கத்தைத் திருப்பினால் பின்னட்டை. நடுவில் இருந்த தாள்கள் போய்விட்டன. காய்ந்த பசை மட்டும் பொடிப்பொடியாக என் பேன்ட்டில் உதிர்ந்தது. சைதாப்பேட்டை வந்ததுகூடத் தெரியாமல் அந்தப் பசையையே தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாடிவீட்டு வாசகி:
உங்கள் கதையைப் படித்ததும் எங்கள் தெரு லெண்டிங் லைப்ரரி வாசனையே வந்துவிட்டது. புத்தக விலையில் பத்து சதவீதம் வாடகை. நானும் அக்காவும் போனால் மில்ஸ் அண்ட் பூன் காதல் நாவல் அலமாரியைத்தான் கைகாட்டுவார்கள். ஒருநாள் பக்கத்து அலமாரியிலிருந்து ஃபீனிக்ஸ் ஃபோர்ஸை எடுத்தேன். “அது பசங்க படிக்கிறதும்மா” என்றார் கடைக்காரர். வாடகையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த அணியில் எனக்குப் பிடித்தவர் டேவிட் மக்கார்ட்டர்தான். எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படையில் இருந்த ஆள், பொறுமையே கிடையாது, எந்நேரமும் கோக்கோ கோலா. எழுத்தாளர் கார் வில்சன் (Gar Wilson) அவரை எழுதியிருக்கும் வேகம் தனி.

ஆனால் மனதில் நிற்பது வேறு. ராத்திரி அக்காவின் காதல் நாவலையும் என் கமாண்டோ நாவலையும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காப்புரிமைப் பக்கத்தைப் பார்த்தேன். இரண்டிலும் ஹார்லெக்வின் பதிப்பகம்! மில்ஸ் அண்ட் பூனை 1971-லேயே வாங்கிய கனடாக்காரர்கள்தான் 1981-ல் ஆண்களுக்கென்று, ஃபீனிக்ஸ் ஃபோர்ஸை வெளியிட்ட கோல்ட் ஈகிள் வரிசையையும் தொடங்கியிருக்கிறார்கள். கடைக்காரர் இரண்டு அலமாரியாகப் பிரித்து வைத்ததெல்லாம் ஒரே வீட்டுச் சரக்கு. மறுநாள் அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். அதற்கப்புறம் என்னைத் தடுத்ததே இல்லை.

பிராஸ் பாசா:
மேலே ஒரு திருத்தம். கார் வில்சன் என்று ஓர் ஆள் கிடையாது. பதிப்பகம் வைத்துக்கொண்ட பொதுப்பெயர் அது. பலர் எழுதினார்கள், நிறைய எழுதியவர் வில்லியம் ஃபீல்ட்ஹவுஸ். அவருக்குப் போக வேண்டிய பாராட்டை இல்லாத ஒருவருக்குக் கொடுப்பது எனக்கு ஏற்பில்லை.

என் அனுபவம் சிங்கப்பூரில், தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணி செய்த காலத்தில். பிராஸ் பாசா பழைய புத்தகக் கடையில் கிடைத்ததை வாங்கி கேம்ப்பில் படிப்பேன். வரிசையெல்லாம் பார்க்கவில்லை. நான் முதலில் படித்ததில் அணியின் ஐந்தாவது ஆள் கால்வின் ஜேம்ஸ், சிகாகோவில் பிறந்த கறுப்பினத்தவர், அமெரிக்கக் கடற்படையின் கமாண்டோ பிரிவான நேவி சீலில் முன்பு இருந்தவர். கெய்யோ ஓஹாரா இறந்ததால் அவர் உள்ளே வந்தார் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஆறேழு மாதம் கழித்து ஒரு பழைய பிரதி கிடைக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே ஓஹாரா உயிரோடு நடந்து வருகிறார்! ஜப்பானியர், ஆறடிக்கு மேல் உயரம், அதிகம் பேசாதவர். அவர் ஒரு கதவைத் திறக்கப் போனால்கூட எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்தப் புத்தகத்தில் அவர் சாகவில்லை. ஆனால் விளக்கணைத்த பிறகும் தூக்கம் வரவில்லை. பக்கத்துக் கட்டில்களில் படுத்திருந்த நண்பர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடிவீட்டு வாசகி:
தகவலுக்கு நன்றி. பெயர்தானே பொதுப்பெயர், மக்கார்ட்டரை எழுதிய கை உண்மையான கைதானே? என் பாராட்டு அந்தக் கைக்கு.

வேப்பிலை:
என்னிடம் 1982-ல் வந்த முதல் புத்தகம் இருந்தது. அவசரத்தில் செலோடேப் போட்டு ஒட்டினேன். சில வருஷத்தில் டேப் பழுப்பாகி, அட்டை ஓவியத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது. அந்த வலியில் சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள். இந்த பேப்பர்பேக்குகளின் முதுகில் இருக்கும் பசை வயதாக ஆக இறுகிப் பொடியாகிவிடும். 180 டிகிரிக்கு விரித்தால் முதுகு உடைந்து தாள் கையோடு வரும். பாதி விரித்து, இரண்டு கையாலும் தாங்கிப் படியுங்கள். உதிர்ந்த தாளை டேப்பால் ஒட்டாதீர்கள். புத்தகம் பைண்ட் செய்பவர்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பசையைச் சின்ன பிரஷ்ஷால் ஓரத்தில் மெல்லிசாகத் தடவி, ஒரு ராத்திரி கனமான அகராதி ஒன்றின் அடியில் வையுங்கள். ரப்பர் பேண்ட் போடவே கூடாது, அட்டையில் தடம் விழும், உருகி ஒட்டியும் கொள்ளும். சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள், ஈரம் ஏறும். வசம்பும் நன்றாக உலர்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து அலமாரி மூலையில் போடுங்கள். பச்சை இலை வைத்தால் பூஞ்சைதான் வரும்.

அல்லிக்குளத்தானுக்குத் தனியாக ஒன்று. அட்டை இல்லாவிட்டாலும் தேடலாம். உங்கள் பிரதியில் ஐந்தாவது ஆள் ஓஹாராவா ஜேம்ஸா என்று பாருங்கள். ஓஹாரா என்றால் ஆரம்பக்காலப் புத்தகம். மொத்தம் 51 வந்திருக்கின்றன, தேட வேண்டியது வெகுவாகக் குறைந்துவிடும். கதை நடக்கும் நாட்டையும் சொல்லுங்கள்.

அல்லிக்குளத்தான்:
ஓஹாராதான்! உயரமான ஜப்பானியர் ஒருவர் லாரிக்குப் பின்னால் காத்து நிற்பது நன்றாக நினைவிருக்கிறது. புத்தகம் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏறி எடுத்து, நாட்டையும் முதல் பக்கத்தின் முதல் வரியையும் இங்கே போடுகிறேன். யாரிடமாவது முழுப் பிரதி இருந்தால், கட்ஸ் கையை உயர்த்திய பிறகு என்ன நடந்தது என்று மட்டும் இப்போதே சொல்லிவிடாதீர்கள்.